அலுவல் முடிக்கும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போட்டோ கொப்பி எடுக்கிற, படிவம் நிரப்பிக் கொடுக்கிற சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் வருகிற எல்லோருக்கும் ஏதோ ஒரு அலுவல். யாழ்ப்பாணத்தில் அலுவல் என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கும்: கரண்ட் பில் கட்டுவது, பிறப்புச் சான்றிதழ் எடுப்பது, மில்லில் மிளகாய் கொடுப்பது, செத்த வீட்டுக்குப் போய் முகம் காட்டுவது. பதினொரு வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். எங்கள் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை. ஒரே அலுவலுக்கு இரண்டாம் தரம், மூன்றாம் தரம் போவதில்தான் அவர்களுடைய நாள் கரைகிறது. கடையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தலை நிறைய வேலை கிடக்கிறது. எங்கே இருந்து தொடங்குவது?

எழுதுகிற கொப்பி, அதாவது நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்குகிற அளவு போதும். இன்று இரவு சாப்பிட்ட பிறகு தலைக்குள் கிடக்கிற எல்லாவற்றையும் அதில் இறக்கி வையுங்கள். பெரியது சின்னது பார்க்க வேண்டாம். "காணி உறுதிக்குக் கொப்பி எடுக்க" என்பதும் "சைக்கிள் பெல் மாற்ற" என்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். முதல் நாள் நாற்பது, ஐம்பது கூட வரலாம். பயந்துவிடாதீர்கள். அவை நேற்றும் இருந்தவைதான், இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

அடுத்த நாள் அவற்றை இடவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு இடத்துக்கு ஒரு பக்கம்: ரவுண் (யாழ்ப்பாண நகரம்), திருநெல்வேலிச் சந்தைப் பக்கம், கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம், பள்ளிக்கூடம், வீடு. இன்னொரு பக்கம் ரெலிபோனுக்கு. இருந்த இடத்தில் இருந்தபடி கதைத்து முடிக்கக்கூடியவை எல்லாம் அங்கே போகட்டும். அந்தப் பக்கம் எவ்வளவு நீளமாக வருகிறது என்று பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

முக்கியமானதை முதலில் எழுது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? நீங்கள் ஏன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

இதை எனக்குப் படிப்பித்தது நெடுந்தீவிலிருந்து வருகிற ஒரு அம்மா.

நெடுந்தீவில் லோஞ்சு, அதாவது மோட்டார்ப் படகு ஏறினால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறங்க ஒரு மணித்தியாலம் அளவு பிடிக்கும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ்ஸில் யாழ்ப்பாணம். திரும்பிப் போகிற லோஞ்சைத் தவறவிட்டால் அன்றிரவு யாராவது சொந்தக்காரர் வீட்டில்தான் படுக்க வேண்டும். அந்த அம்மா இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கடைக்கு வருவார். மணிபர்ஸிலிருந்து பழைய கலண்டர் தாள் ஒன்றை எடுப்பார். பின்பக்கத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருக்கும்: கண் கிளினிக், மூக்குக் கண்ணாடிக் கடை, வங்கி, குளிசை, போட்டோ கொப்பி, தையல் நூல். பஸ் எந்த வழியால் போய் எந்த வழியால் திரும்புகிறதோ, அந்த ஒழுங்கில் எழுதியிருப்பார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கொண்டுபோக வேண்டிய சாமான்: "கிளினிக் கொப்பி", "வங்கிப் புத்தகம்", "பழைய கண்ணாடிக் கூடு". ஒன்று முடிந்ததும் அதைக் கோடு போட்டு வெட்டமாட்டார். தாளின் மேல்பக்கத்தை ஒரு மடிப்பு பின்னுக்கு மடிப்பார். முடிந்தது மறைந்துவிடும், மிச்சம் மட்டும் மேலே நிற்கும். என் கடைக்கு வரும்போது தாள் இரண்டு விரல் அகலத்துக்கு வந்திருக்கும்.

"தம்பி, கெதியாத் தாங்கோ. லோஞ்சை விட்டா இண்டைக்கு இனிப் போகேலாது."

"எப்பிடி அம்மா இவ்வளவு அலுவலையும் ஒரு நாளிலை முடிக்கிறியள்?"

"நாளைக்கும் வரலாம் எண்டு நினைக்க எங்களுக்கு வசதி இல்லைத் தம்பி. அதுதான்."

எங்களுக்கு ரவுண் பத்து நிமிடத் தூரம். அதனால்தான் காலையில் வங்கிக்கு, மத்தியானம் மருந்துக்கு, பின்னேரம் தையல்காரரிடம் என்று மூன்று தரம் போகிறோம். முக்கியமானதை முதலில் செய் என்பது மேசையில் இருந்து வேலை செய்கிறவருக்கு நல்ல புத்திமதி. வெயிலில் சைக்கிளில் ஓடித் திரிகிறவருக்கு இடவாரிப் பட்டியல்தான் கால் கொடுக்கும். ஒரே இடத்தில் நாலு அலுவல் இருந்தால், அவற்றுக்குள் எது முதலில் என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் இதை ஊர் முழுக்க ஒருதரம் பழகினோம். கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கீடாகப் பெற்றோல் அடிக்கிற முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். பெற்றோல் எண்ணி விடுகிறபோது எந்த அலுவலை எதோடு சேர்க்கலாம் என்று யோசிக்காமல் ஒருவரும் படலையைத் தாண்டவில்லை. பெற்றோல் திரும்பக் கிடைத்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் விட்டோம் என்பது எனக்கு இன்னும் கவலைதான்.

கொப்பி எதற்கு? போனில் எழுதினால் போதாதா?

போதும். ஆனால் ஒன்றில்தான் எழுத வேண்டும். கொஞ்சம் போனில், கொஞ்சம் கலண்டரில், கொஞ்சம் கையில் என்று பிரித்தால் ஒன்றையும் நம்ப முடியாது. திகதி உள்ளவற்றுக்கு, அதாவது கிளினிக், சீட்டுக் காசு, காப்புறுதி போன்றவற்றுக்கு, போனில் அலாரம் வைப்பது நல்லது. மிச்சத்துக்கு நான் கொப்பிதான். போனைத் திறந்தால் வட்சப் கூப்பிடும், கொப்பியைத் திறந்தால் கொப்பி மட்டும்தான்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு கடதாசி குறைகிறது. என்ன செய்வது?

கடையில் நான் அதிகம் காண்கிற கவலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், வீட்டுக்கு ஒரு பைல் வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட சாதாரண பைல். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. அதற்குள் அடையாள அட்டைக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், தேவையானவர்களுக்குத் திருமணச் சான்றிதழ், பாஸ்போட் அளவுப் போட்டோ நாலு. பைலின் முன் உறையில் கடைசிக் கரண்ட் பில்லும் ஒரு நீலப் பேனையும். வரிசையில் அரை மணித்தியாலம் நின்ற பிறகு பேனை இல்லாமல் இடத்தை விட்டு ஓடுகிறவர்களை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! ஒரு கொப்பி எடுத்துக் கொடுத்தால், அன்றைக்கே இன்னொன்று எடுத்து உள்ளே வையுங்கள்.

இரண்டாவது, போவதற்கு முதல் ஒரு ரெலிபோன். மூன்று கேள்வி போதும். என்னென்ன பத்திரம் வேண்டும்? அசல் வேண்டுமா, கொப்பி போதுமா? யாருடைய கையெழுத்து வேண்டும்? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கிராம அலுவலரின் கையெழுத்து வேண்டுமென்றால், அவர் எந்தெந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலே அறிந்து வைத்திருக்க வேண்டும். வெளி வேலைக்குப் போகிற நாளில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். பதில் சொன்னவரின் பெயரையும் திகதியையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடைசிப் படியிலிருந்து பின்னுக்கு எண்ணுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்த வரிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். அதற்குச் செல்லுபடியான காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் கொப்பியில் முதல் வரி "புகைப் பரிசோதனை", இரண்டாவது "காப்புறுதி புதுப்பிக்க", கடைசியில்தான் "வரிப்பத்திரம்". நேரே கடைசி வரிக்குப் போகிறவர் திரும்பி வரத்தான் வேண்டும்.

இன்னொன்று, எழுத்து. ஒரு பத்திரத்தில் சிவகுமார், இன்னொன்றில் சிவக்குமார். ஆங்கிலத்தில் எழுதும்போது இது இன்னும் மோசம். பைலில் உள்ள எல்லாப் பத்திரத்தையும் ஒரு நாள் மேசையில் பரப்பி, பெயரும் பிறந்த திகதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், புதியது 12 எண். வங்கியில் பழைய இலக்கமும் கையில் புதிய அட்டையும் இருக்கிறவர்கள் இரண்டையும் எழுதி வைத்திருங்கள். பிழை இருந்தால், அவசரம் இல்லாத காலத்தில் திருத்துங்கள். விசாவுக்கு நாள் குறித்த பிறகு திருத்த ஓடுகிறவரின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்று போகிறேன், மத்தியானம் ஆகிவிடுகிறது. என் கணக்கு ஏன் எப்போதும் பிழைக்கிறது?

உங்களுக்கு மட்டும் இல்லை. ஒரு வேலைக்கு எடுக்கும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டானியல் கானமனும் ஏமஸ் ற்வேர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். நாங்கள் எல்லாம் சரியாக நடக்கிற ஒரு நாளை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறோம். வழியில் சந்திக்கிற பழைய மாஸ்ரரை, காற்றுப் போன ரயரை, சாப்பாட்டு நேரத்தில் மூடிய கவுண்டரைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டால் வெளிக்கிட்ட நேரமும் திரும்பி வந்த நேரமும் அலுவலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஊகிக்கத் தேவையில்லை, போன தரம் எவ்வளவு எடுத்ததோ அதுதான் கணக்கு. அப்புறம், வருடம் தொடங்கும்போது கலண்டரில் போயா நாட்களை வட்டம் போட்டு வையுங்கள். பூரணை தோறும் விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பூட்டிய வங்கி வாசலில் ஒவ்வொரு போயாவுக்கும் யாராவது நிற்கிறார்கள்.

விடிய ஐந்து மணிக்கு எழும்பியும் பிள்ளைகளை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியவில்லை.

இதைக் கேட்பது எப்போதும் அம்மாமார். அவர்களிடம் இன்னும் முன்னுக்கு எழும்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். காலையில் குசினியில் நின்றபடி "தண்ணிப் போத்தல்", "சப்பாத்து", "கணக்குக் கொப்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்தபோது எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமே தெரியவில்லை. காலையில் நடக்க வேண்டிய முப்பது விஷயமும் அவருடைய தலைக்குள் மட்டும் இருந்தன. அன்று பின்னேரம் அவரைக் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர். தண்ணிப் போத்தல் நிரப்புவது சின்னவள். புத்தகப்பை இரவே அடுக்குவது அவரவர். தேங்காய் துருவுவது நான். தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவதும் நான்தான், அதுவும் இரவிலேயே, விடிய கரண்ட் போனால் முகம் கழுவவும் வழியில்லை என்பதால். சப்பாத்துக்கு வெள்ளை பூசுவது ஞாயிறு பின்னேரம், எல்லோரும் சேர்ந்து.

புட்டுக்கு மா வறுப்பது, சம்பலுக்கு மிளகாய் இடிப்பது எல்லாம் கிழமையில் ஒரு நாள் மொத்தமாகச் செய்யக்கூடியவை. பெரும்பாலான அம்மாமார் அதை ஏற்கெனவே செய்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது கெட்டித்தனம் இல்லை, கை. வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு தாள் வேண்டும், அதை வாசிக்க வீட்டில் மற்றவர்கள் வேண்டும்.

மகன் உயர்தரம் படிக்கிறான். ரியூசனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நேரமே இல்லை என்கிறான். 25 நிமிட முறை உதவுமா?

அது பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த வழி. தக்காளி வடிவக் குசினி மணிக்கூட்டில் 25 நிமிடம் வைத்துப் படிப்பார், பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. பாடமாக்கவும், தொடங்கவே மனம் வராத பாடத்துக்கும் இது நல்லது. கடந்தகால வினாத்தாள் செய்ய இது சரிவராது. அதற்குப் பரீட்சையில் இருக்கிற நேரம் முழுக்க ஒரே இருப்பில் இருந்து பழக வேண்டும்.

மகனிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் வாசலில் சைக்கிளோடு நிற்கிறான் என்று. அந்த முக்கால் மணித்தியாலத்துக்கென்று ஒரே ஒரு வேலை பையில் இருக்கட்டும். கூட்டாளிகளோடு கதைக்கவும் வேண்டும்தான், முழுவதையும் பறித்துவிடாதீர்கள்.

பின்னேரம் வேலை செய்ய இருந்தால் வெளிநாட்டிலிருந்து கோல் வந்துவிடும். எடுக்காவிட்டால் கோபிக்கிறார்கள்.

பாசத்தோடு எடுக்கிற கோல். எடுக்காமல் விடச் சொல்லமாட்டேன். நேரத்தை மட்டும் நீங்கள் குறியுங்கள். கனடா ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், பனிக்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை, பனிக்காலத்தில் ஐந்தரை. நாங்கள் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அவர்கள்தான் மாற்றுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ரொறன்ரோ அண்ணைக்கு ஞாயிறு விடிய ஏழு மணி. அவருக்கு அது சனி இரவு ஒன்பதரை, வேலை முடிந்து ஆறுதலாக இருப்பார். லண்டன் அக்காவுக்கு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி. இப்படி ஒரு நாள் ஒதுக்கிய பிறகு அரைகுறையாக "ஓம், ஓம்" சொல்லிக்கொண்டு கதைப்பது நின்றது. முன்பைவிட நல்லாகக் கதைக்கிறோம்.

ராகுகாலம் பார்த்தால் அலுவல் பார்க்க நேரம் மிஞ்சாதே?

ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. நம்பிக்கை உள்ளவர்கள் அந்த நேரத்துக்கு இருந்தபடி செய்கிற வேலையை வையுங்கள்: பைல் அடுக்குவது, பில் எழுதுவது. ராகுகாலத்தில் தொடங்கக்கூடாது என்றுதான் சொல்வார்கள், தொடங்கியதை முடிக்கத் தடை இல்லை.

நல்லூர்த் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு வந்தால் எல்லாத் திட்டமும் குழம்பிவிடுகிறதே?

குழம்பட்டும். அவற்றுக்காகத்தானே மற்ற அலுவல்களைச் சுருக்குகிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாள் என்று முதலே தெரியும். வெளிநாட்டு உறவுகள் வந்து நிற்பார்கள், கோவிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமையே பில்களைக் கட்டி, வாகன அலுவல்களை முடித்துவிடுவோம். தேருக்கும் தீர்த்தத்துக்கும், அதாவது 24ஆம், 25ஆம் நாட்களுக்கு, கொப்பியில் ஒன்றும் எழுதுவதில்லை. செத்த வீடு சொல்லிக்கொண்டு வராது. அதனால்தான் கிழமையில் ஒரு பின்னேரத்தையாவது வெறுமையாக விடச் சொல்கிறேன்.

ஒரு அலுவல் மட்டும் மாதக் கணக்காகக் கொப்பியில் கிடக்கிறது. கையே போகவில்லை.

எனக்கும் ஒன்று கிடந்தது. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் அம்மாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். அப்பா போன பிறகு அந்தக் காசை எடுக்க அம்மா எத்தனை கடதாசியோடு எத்தனை வாசலில் நின்றார் என்று எனக்குத்தான் தெரியும். பிழை என்னுடையது.

அதன் பிறகு அப்படிக் கிடக்கிற அலுவலுக்குப் பக்கத்தில் நாளும் நேரமும் இடமும் எழுதுகிறேன். "காணி உறுதி பார்க்க" என்று எழுதுவதில்லை. "செவ்வாய் ஒன்பதுக்கு, கடை திறந்து கொடுத்துவிட்டு, நொத்தாரிசிடம் போய்ப் பழைய உறுதியைக் காட்ட" என்று எழுதுவேன். இப்படி எப்போது, எங்கே என்று முடிவெடுத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீற்றர் கோல்விற்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். முழு அலுவலும் மலைப்பாக இருந்தால் அதன் முதல் ரெலிபோனை மட்டும் எழுதுங்கள். வயதான தாய் தகப்பனின் கையெழுத்து வேண்டிய அலுவல் ஏதும் உங்கள் கொப்பியில் இருந்தால், தயவுசெய்து இந்தக் கிழமையே முடியுங்கள்.

இது பழக எத்தனை நாள் எடுக்கும்?

2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், புதுப் பழக்கம் தன்பாட்டில் நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இருக்கவில்லை. விட்ட நாளை நினைத்து முழுதாக விட்டுவிடாதீர்கள்.

கொப்பி முடிந்தால் எறிந்துவிடலாமா?

வேண்டாம். பின்பக்கம் இரண்டு தாளை வீட்டுக் கணக்குக்கு விடுங்கள்: காஸ் சிலிண்டர் மாற்றிய திகதி, தாங்கி கழுவிய திகதி, கிணறு இறைத்த திகதி, மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றிய திகதி. எங்கள் வீட்டில் போன நாலு சிலிண்டருக்கும் திகதி எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அடுத்ததை எப்போது எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். இந்த மாதம் 20ஆம் திகதிக்குப் பக்கத்தில் முடியும் போல இருக்கிறது, சந்தைப் பக்கத்துப் பட்டியலில் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.